நெல்லறைக்குக் காற்றுப் பைப்: வன்னி வெக்கைக்கும் வாடைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

அறுவடை முடிந்து மூன்றாம் கிழமை நெல் வைத்த அறையைத் திறந்தால் ஒரு புளித்த மணம் முகத்தில் அடிக்கும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் உள்ளே சூடு தெரியும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கும் வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்லும் விலை ஏறும்வரை விற்பனை நெல்லும் வைத்திருக்கிற கமக்காரர் இந்த மணத்தை அறிவார்கள். அந்த நெல்லைக் குத்தினால் அரிசி மஞ்சளாக வரும். சோறு வடித்தால் வீடெல்லாம் மக்கின வாடை.

எங்கள் அப்பாவின் காலத்தில் இது இவ்வளவு இருக்கவில்லை. அருவி வெட்டி, அறுத்த பிடிகளை உப்பட்டியாக வயலில் காயவிட்டு, கட்டித் தூக்கிச் சூடு, அதாவது கதிர்ப்போர், வைத்தார்கள். சூடு மிதிக்கும் நாள் வரும்போது கதிரிலேயே நெல் பெரும்பகுதி காய்ந்திருக்கும். பிறகு அது கொம்பறை என்ற பழைய நெற்களஞ்சியத்துக்குப் போனது. கொம்பறை நிலத்தில் படாது. கல்லின்மேலும் மரக்குற்றியின்மேலும் நிற்கும், அடியால் காற்று ஓடும். வரிச்சுத் தடியில் மண் மெழுகிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். இன்று வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் அன்று பின்னேரமே நெல் மூடையில் ஏறிவிடுகிறது. அப்போது அதன் ஈரம் 20 முதல் 25 சதவீதம். போய்ச் சேரும் இடமோ மீள்குடியேறிய பிறகு கட்டிய சீமெந்து அறை: நிலமும் சீமெந்து, சுவரும் சீமெந்து, மேலே தகரம். நெல் மூச்சுவிட அங்கே வழியே இல்லை.

மூச்சு என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. நெல் உயிருள்ள விதை. அது ஒட்சிசனை எடுத்து, தன் மாப்பொருளை எரித்து, காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் விடுகிறது. ஈரம் கூடினால் இந்த மூச்சு வேகமாகும். அதில் பிறக்கும் வெப்பமும் ஈரமும் பூஞ்சணத்தையும் வண்டையும் வளர்க்கும். அவையும் மூச்சுவிட்டு இன்னும் சூடேற்றும். உமி நல்ல வெப்பத் தடை என்பதால் குவியலின் நடுவில் பிறந்த சூடு தானாக வெளியே வராது. அந்தச் சூட்டை வெளியே எடுக்கத்தான் இந்தப் பைப்: நெல்லுக்கு அடியில் துளையிட்ட பைப்பை இட்டு, புளோவரால் (காற்றூதியால்) அதற்குள் காற்றை ஊதுகிறோம்.

பைப்பால் முடியாதது

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதல் பைப் போட்ட வருடம் பக்கத்து வயல்காரத் தம்பி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, பைப்தான் போட்டாச்சே, பிறகேன் றோட்டில போட்டுக் காயவைக்கிறியள்?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு வெயில் மட்டும் காட்டி, 17 சதவீத ஈரத்தோடு அறைக்குள் கொட்டினேன். ஒரு மாதம் கழித்துச் சுவர் மூலையில் இரண்டு முழ அகலத்துக்கு நெல் கட்டிபட்டுப் போயிருந்தது. தவறு பைப்பில் இல்லை. கணக்குப் பார்க்காமல் நம்பியது நான்.

கணக்கு இதுதான். 10 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள அறையில் 4 அடி உயரத்துக்கு நெல் கொட்டினால் ஏறக்குறைய 5 தொன். 20 சதவீத ஈரத்திலிருந்து 14க்கு இறக்க ஒரு தொன்னிலிருந்து 70 கிலோ தண்ணீர் போகவேண்டும். 5 தொன்னுக்கு 350 கிலோ. நாம் போடப்போகும் சிறிய புளோவர் நிமிடத்துக்கு 5 கன மீற்றர் காற்றுத் தரும். நல்ல வெயில் நேரத்துக் காற்றும் ஒரு கன மீற்றருக்கு இரண்டு, மூன்று கிராம் ஈரத்தைத்தான் நெல்லிலிருந்து இழுக்கும். அப்படியானால் 350 கிலோ போக 450 மணித்தியாலம் வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் ஊதினால் 75 நாள். பூஞ்சணத்துக்கு ஒரு கிழமையே போதும்.

எனவே நெல்லைக் காயவைப்பது வெயில்தான், அல்லது சூடாக்கி. காய்ந்த நெல்லைக் காய்ந்தபடி வைத்திருப்பதும், உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் ஈரத்தைச் சமப்படுத்துவதும், சூட்டை வெளியே எடுப்பதும் மட்டும்தான் பைப்பின் வேலை. 14 சதவீதத்துக்கு மேலான நெல்லை அறைக்குள் விடாதீர்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதும் 14க்குத்தான். எட்டு மாதத்துக்கு மேல் வைப்பதானால் 13. விதை நெல் 12க்கு இறங்கவேண்டும், அதைத் தனியே வையுங்கள். வெட்டிய நெல்லை 24 மணித்தியாலத்துக்குள் காயப் போட்டுவிட வேண்டும். மூடையோடு இரண்டு நாள் கிடந்த நெல் பிறகு எத்தனை பைப் போட்டாலும் திரும்பாது.

உப்பைக் கொண்டு அளப்பது

ஈரமானி இருந்தால் நல்லது. கமக்காரர் அமைப்பில் அல்லது ஆலையில் ஒன்று இருக்கும், மாதிரி கொண்டுபோய்ப் பார்க்கலாம். இல்லாதவருக்கு உப்பே ஈரமானி.

நன்றாக உலர்ந்த, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுங்கள். சாப்பாட்டுத் தூள் உப்பைத் தாச்சியில் வறுத்து ஆறவிடுங்கள். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நெல், அதோடு மூன்று, நான்கு கரண்டி உப்பு. மூடி நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் வைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டிக்கொண்டால் நெல்லின் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அது திரும்ப வெயிலுக்குப் போகவேண்டும். ஒட்டாமல் விழுந்தால் 15க்குக் கீழே என்று பொருள், 13 என்று பொருள் அல்ல. இன்னுமொரு வெயில் காட்டிவிட்டு உள்ளே எடுப்பது என் வழக்கம். குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு ஆனையிறவு உப்புப் பக்கத்தில் கிடைக்கும். ஆனால் இந்தச் சோதனைக்குக் கல்லுப்பு ஆகாது. அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும்.

இதே உப்பு காற்றையும் அளக்கும். தூய சாப்பாட்டு உப்பு, காற்றின் சாரீரப்பதன் (ஈரப்பதம்) 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும். அது நெல்லுக்கும் ஒரு எல்லைக்கோடு. 30 பாகைச் சூட்டில், 75 சதவீத ஈரமுள்ள காற்றோடு நெல்லை நெடுநாள் விட்டால் அது ஏறக்குறைய 14 சதவீதத்தில் நிற்கும். காற்று 70 என்றால் நெல் 13. 80 என்றால் 15. 90 என்றால் 17, 18 வரை ஏறும். மழை நாளில் புளோவரைப் போட்டுவிட்டுப் போனால் நெல்லுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரிதான். ஒரு கறுப்புத் தட்டில் சிட்டிகை உப்பை நிழலில் வைத்துவிடுங்கள். விடியப்புறம் கசிந்து கிடக்கும். வெயில் ஏறி அது திரும்ப உலர்ந்து பொருபொருவென்று வரும் நேரம்தான் ஊதலாம் என்ற அடையாளம். ஈரமும் வெப்பமும் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

வேண்டிய சாமான்

மேலே சொன்ன 10 க்கு 8 அடி அறை, 4 அடி நெல், 5 தொன் என்ற அளவை வைத்துச் சொல்கிறேன். உங்கள் அறைக்கு எப்படி மாற்றுவது என்பதும் இடையில் வரும்.

110 மில்லிமீற்றர் பிவிசி பைப், நாங்கள் நாலு இஞ்சி என்று சொல்வது, 6 மீற்றர் நீளத்தில் ஒன்று. அதை நடுவில் வெட்டினால் 10 அடிக்குச் சற்றுக் குறைவாக இரண்டு துண்டு வரும், இந்த அறைக்கு அளவாகப் போதும். இரண்டையும் அறைக்கு வெளியே இணைக்க இன்னொரு 8, 9 அடித் துண்டு, ஒரு ரீ (மூன்று வாய் இணைப்பு), இரண்டு எல்போ (வளைவு இணைப்பு), முனைகளை மூட இரண்டு மூடி. வெப்பம் பார்க்க 25 மில்லிமீற்றர் பைப் 6 அடித் துண்டு மூன்று. நைலோன் நுளம்பு வலை மூன்று யார். கேபிள் ரை ஒரு பக்கெற். பைப் புதிதாக இருக்கட்டும். கிருமிநாசினி கலக்கப் பயன்பட்டதையோ மலசலகூடத்துக்குக் கிடந்ததையோ கழுவிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், இது சாப்பாடு. வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த பைப்பும் நொறுங்கும்.

ஏன் நாலு இஞ்சி? பைப்புக்குள் காற்று வினாடிக்கு 10 மீற்றருக்கு மேல் ஓடினால் உராய்விலேயே புளோவரின் வலு போய்விடும். அந்த வேகத்தில் ஒரு நாலு இஞ்சிப் பைப் நிமிடத்துக்கு 5 கன மீற்றர் காற்றைக் கொண்டுபோகும். எங்களுக்கு வேண்டியது ஒரு தொன்னுக்கு நிமிடத்துக்கு 1 கன மீற்றர் அளவு. ஆகவே ஒரு பைப்பே காணும். ஆனால் ஒன்று போட்டால் மூலைகளுக்குக் காற்றுப் போகாது. எனக்கு நெல் கட்டிபட்டது அப்படி ஒரு மூலையில்தான். அதனால் இரண்டு. இரண்டு இஞ்சிப் பைப்பில் கிடைப்பதோ இதன் கால்வாசிதான். மலிவு என்று அதைப் போட்டவர்கள் பலர், அடுத்த வருடம் மாற்றினார்கள்.

புளோவர்தான் செலவு. மேசை விசிறியைப் பைப் வாயில் கட்டிப் பயனில்லை. அது திறந்த வெளியில் காற்றுத் தள்ளத் தெரிந்ததே தவிர, நெல்லின் தடையை எதிர்த்துத் தள்ளாது. நத்தை ஓடு மாதிரி உடம்பு உள்ள, உலைக்கு ஊதுகிற வகைப் புளோவர் வேண்டும். 250 வாற்று அளவில் ஒன்று இதற்குப் போதும், 6 மணித்தியாலம் ஓடினால் ஒன்றரை அலகு மின்சாரம். வாங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை கன மீற்றர் என்று அதில் ஒட்டிய தகட்டைப் பாருங்கள். அங்கே எழுதியது தடை இல்லாதபோது தரும் காற்று. நெல்லுக்குள் அதில் கணிசமாகக் குறையும், ஆகவே 7, 8 கன மீற்றர் என்று போட்டதை எடுத்தால் 5 கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

துளையிடுதல்

பைப்பின் முனையை மணிக்கூடு முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 4 மணி, 5 மணி, 7 மணி, 8 மணி இருக்கும் இடங்களில் நீளப்பாட்டுக்கு நான்கு கோடு கீறுங்கள். மேல்பக்கம் துளை வேண்டாம். மேலே துளையிட்டால் காற்று நேரே மேலே ஏறிவிடும், பக்கத்து நெல்லுக்குப் போகாது. தூசும் பதரும் அதன் வழியே இறங்கும்.

ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு இஞ்சிக்கு ஒன்றாக 10 மில்லிமீற்றர்த் துளை. ஒரு பைப்பில் 200 அளவில் வரும். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. துளைகளின் மொத்தப் பரப்பு பைப் வாயின் பரப்பைப்போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு துளையின் முகத்திலும் நெல் உட்கார்ந்து பாதியை அடைத்துக்கொள்ளும். 200 துளையில் அந்த இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். கை ஓய்ந்து 100 துளையோடு நிறுத்தினால் புளோவர் முனகும், காற்று வராது. புளோவர் பக்கத்து முதல் ஒரு அடிக்குத் துளையே வேண்டாம். இல்லாவிட்டால் சுவரோரம் காற்றுக் கள்ள வழியில் வெளியேறிவிடும்.

கிறைண்டர் வைத்திருப்பவர்கள் துளைக்குப் பதிலாகப் பிளவு வெட்டலாம். ஒரு மில்லிமீற்றர்த் தகடு பூட்டி, குறுக்காக இரண்டரை இஞ்சி நீளத்துக்கு, பைப்பின் கீழ்ப்பாதியில் இருபக்கமும் மாறி மாறி வெட்டுங்கள். பிளவு ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டாவிட்டால் நெல் உள்ளே போகாது, வலையும் தேவையில்லை. ஆனால் பைப்பின் சுற்றளவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒரே இடத்தில் வெட்டவேண்டாம், பைப் ஒடியும். என் அனுபவத்தில் துளையும் வலையும்தான் நீடிக்கின்றன. பிளவில் உமித்தூள் இறுகிக்கொள்கிறது.

வெட்டுவதும் துளைப்பதும் வளவுக்குள், படங்கு விரித்து அதன்மேல். பிளாஸ்ரிக் சீவல் முழுவதையும் கூட்டி அள்ளுங்கள். துளை விளிம்பைக் கத்தியால் வழித்து, பைப்பை உள்ளும் புறமும் கழுவி உலர்த்துங்கள். பிறகு நுளம்பு வலையை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு கேபிள் ரை. சாக்குத்துணி சுற்ற வேண்டாம், ஒரு மாதத்தில் தூசி அடைத்துச் சுவர் மாதிரி ஆகிவிடும். உள்முனைக்கு மூடி போடுங்கள்.

அறைக்குள் இடுதல்

நெல்லின் ஆழம் எவ்வளவோ, இரண்டு பைப்புக்கு இடையிலும் அதற்கு மேல் தூரம் இருக்கக்கூடாது. சுவருக்கும் பைப்புக்கும் அதில் பாதி. ஆழம் 4 அடி என்றால் பைப்புகளுக்கு நடுவே 4 அடி, ஒவ்வொரு பக்கச் சுவருக்கும் 2 அடி. 8 அடி அகல அறையில் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 12 அடி அகல அறையானால் மூன்று பைப். ஆழம் 3 அடி மட்டும்தான் என்றால் இன்னும் நெருக்கவேண்டும்.

அறை நிலத்தில் முதலில் தடித்த பொலித்தீனும் அதன்மேல் படங்கும். சீமெந்து நிலம் மாரியில் ஈரத்தை மேலே இழுக்கும், அதைத் தடுக்காமல் மேலே காற்று ஊதி என்ன பயன்? பைப்பை நேரே நிலத்தில் வைக்காமல் ஓட்டுத்துண்டு வைத்து அரை இஞ்சி தூக்குங்கள். துளை கீழ்நோக்கி இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள், நெல் கொட்டிய பிறகு திருப்ப முடியாது.

சுவரில் இரண்டு துளை போட்டு முனைகளை வெளியே எடுத்து, எல்போவும் ரீயும் கொண்டு இணைத்து, ரீயின் நடு வாயில் புளோவர். சுவர்த் துளையைச் சீமெந்தால் இறுக்கி அடையுங்கள், எலி அந்த விளிம்பைத்தான் தேடும். புளோவர் காற்று எடுக்கும் இடம் நிலத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில், நிழலில், குசினிப் புகையும் மாட்டுக்கொட்டில் ஈரமும் வராத பக்கத்தில் இருக்கட்டும். மழை படாமல் ஒரு தகரத் தாழ்வாரம். மின்வயரை எலி கடிக்காமல் சிறு பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோங்கள். மின் ஒழுகினால் தானே நிறுத்தும் றிப் சுவிச் இல்லாத வீட்டில் இதைப் பூட்டாதீர்கள்.

காற்றைத் தள்ளுவதா, உறிஞ்சுவதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் செய்யலாம். ஆனால் எங்கள் தகரக் கூரையின்கீழ் மத்தியானம் நிற்கும் காற்று அடுப்புக் காற்று. உறிஞ்சினால் அதுதான் நெல்லுக்குள் இறங்கும். அதனால் நான் தள்ளுவதையே சொல்கிறேன். தள்ளினால் குவியலின் மேலால் ஈரக்காற்று வெளிவரும், அதற்கு வழி வேண்டும். எதிர்ச் சுவரில் கூரையோரம் ஒரு அடிக்கு ஒரு அடி இடைவெளி, அதற்கு வலை. அது இல்லாவிட்டால் இரவில் தகரம் குளிர்ந்து வியர்த்து, அந்தத் தண்ணீர் நெல்லின்மேலேயே சொட்டும். மேல் நெல் முளைத்த அறையை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டுதல்

நெல்லைத் தூற்றிவிட்டுக் கொட்டுங்கள். பதரும் சப்பியும் வைக்கோல் துண்டும் கொட்டும் இடத்துக்கு நேர்கீழே சேர்ந்து ஒரு தூண் மாதிரி இறுகும். காற்று அதைச் சுற்றிப் போகும், ஊடே போகாது. சூடு அங்கேதான் பிறக்கும். அதனால் ஒரே இடத்தில் நின்று கொட்டாமல் அறை முழுவதும் மாறி மாறிக் கொட்டுங்கள். பைப்பின்மேல் முதல் ஒரு அடியைக் கூடையால் மெதுவாகப் போடவேண்டும். மேற்பரப்பை வாரியால் இழுத்துச் சமப்படுத்துங்கள். நடுவில் கூம்பாக விட்டால் காற்று ஆழம் குறைந்த ஓரங்களால் ஓடிவிடும்.

4 அடிக்கு மேல் ஏற்றாதீர்கள். கம்பி போடாத சீமெந்துக்கல் சுவர் கூரையைத் தாங்கக் கட்டியது, பக்கவாட்டில் நெல் தள்ளுவதைத் தாங்க அல்ல.

25 மில்லிமீற்றர்ப் பைப் மூன்றையும் கொட்டும்போதே நிறுத்திவிடுங்கள்: ஒன்று நடுவில், இரண்டு எதிர் மூலைகளில். அடி முனையை மூடி, கீழ் இரண்டு அடிக்கு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாத சிறு துளைகள் இட்டு, வலை சுற்றியிருக்கட்டும். வயரோடு வரும் டிஜிட்டல் வெப்பமானியை இதற்குள் இறக்கி நெல்லின் சூட்டைப் பார்க்கலாம். காய்ச்சல் பார்க்கும் மானி இதற்கு உதவாது. வெப்பமானி இல்லாதவர்கள் நீண்ட இரும்புக் கம்பியை நெல்லுக்குள் குத்தி, 15 நிமிடம் விட்டு இழுத்து, உள்ளங்கையால் பிடித்துப் பார்க்கலாம். வெப்பமாக இருந்தால் கை உடனே சொல்லும்.

கொட்டி முடிந்ததும் புளோவரைப் போட்டு, மெல்லிய பொலித்தீன் தாள் ஒன்றைக் குவியலின்மேல் விரியுங்கள். அது மெதுவாக உப்பி எழும்பினால் காற்று வருகிறது. நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் எழும்பவில்லை என்றால் அன்றே கிளறிச் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மூலையைக் கட்டியாகக் கொத்தி எடுப்பதைவிட இது இலேசு.

எப்போது ஊதுவது

வேலை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது.

முதல் மூன்று இரவு. வெயிலில் காய்ந்த நெல் 38, 40 பாகைச் சூட்டோடு உள்ளே வருகிறது. இந்த வெயில் சூடே வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் போதுமான தொடக்கம். அதை எடுக்க, கொட்டிய நாள் பொழுதுபட்ட பிறகு ஊதுங்கள். இரவுக் காற்று ஈரம்தானே என்று பயப்பட வேண்டாம். 24, 25 பாகைக் காற்று சூடான நெல்லுக்குள் நுழையும்போது தானும் சூடேறும், சூடேறினால் அதன் சாரீரப்பதன் இறங்கிவிடும். அதனால் நெல்லை அது நனைக்காது. மொத்தம் 15 மணித்தியாலம் அளவில் குவியல் முழுவதும் குளிரும், இரவுக்கு ஐந்து மணித்தியாலமாகப் பிரித்தால் மூன்று இரவு. வெப்பமானி வெளிக்காற்றுக்கு மூன்று பாகைக்குள் வந்தால் நிறுத்துங்கள். குளிர்ந்த நெல்லுக்குத் தொடர்ந்து இரவுக் காற்று ஊதினால்தான் ஈரம் ஏறும்.

அதன் பிறகு காலபோக (மாரிப் பருவ) நெல், பங்குனி தொடங்கிக் கிழமைக்கு இரண்டு நாள், இரண்டு மணித்தியாலம் போதும். காலை 9க்கும் 11க்கும் நடுவே நல்ல நேரம்: பனி போய் உப்பு உலர்ந்திருக்கும், வெக்கை இன்னும் ஏறியிருக்காது. மத்தியானக் காற்று உலர்ந்ததுதான், ஆனால் அது நெல்லைச் சூடாக்கும். ஒரு பகுதி இன்னும் 15 சதவீதத்தில் நிற்கிறது, அதை இறக்கவேண்டும் என்றால் மட்டும் மத்தியானம் ஊதுங்கள், பிறகு ஒரு இரவில் குளிரவிடுங்கள்.

சோளகம் எங்களுக்கு வரப்பிரசாதம். வைகாசி கடைசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்த உலர்ந்த காற்றில் நெல் வைத்திருப்பவருக்கு ஈரக் கவலை குறைவு. வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை வரை நேர்மாறு. அப்போது பைப் வாயை மூடியே வையுங்கள். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில் உப்பைப் பார்த்து ஒரு மணித்தியாலம் ஊதலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நெல் வெளிக்காற்றைவிட 5 பாகைக்கு மேல் சூடாகிவிட்டால் மழையோ இரவோ பார்க்கவேண்டாம், உடனே ஊதுங்கள். சூடேறிய நெல்லுக்கு ஈரக்காற்றும் மருந்து, மேலே சொன்ன அதே காரணத்தால். சூடு இறங்கியதும் நிறுத்தி, அந்த இடத்து நெல்லைத் தோண்டி எடுத்து வெயிலில் போடுங்கள். நாலைந்து இரவு ஊதியும் திரும்பத் திரும்பச் சூடேறினால் அறையையே காலி செய்து காயவைக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

ஊதாத நேரம் முழுவதும் பைப் வாய் மூடியிருக்க வேண்டும். திறந்த பைப் இரவு ஈரத்தைத் தானாக உள்ளே இழுக்கும். எலியும் வண்டும் போய்வர நல்ல பாதையும் அதுதான்.

மின்சாரம் இல்லாத இடத்திலும் மூடையிலும்

புளோவர் இல்லாமலும் ஓரளவு செய்யலாம். துளையிட்டு வலை சுற்றிய நாலு இஞ்சிப் பைப்பை 4 அடிக்கு ஒன்றாகக் குவியலில் நிமிர்த்தி, நெல்லுக்கு மேல் ஒன்றரை அடி நிற்கவிடுங்கள். நிலத்தில் ஒரு துளைப் பைப்பைத் தென்மேற்குச் சுவரால் வெளியே எடுத்து, இந்த நிமிர்ந்த பைப்புகளின் அடியோடு இணைத்தால் சோளகம் அதற்குள் புகுந்து மேலால் வெளியேறும். நிமிர்ந்த பைப்புக்கு மட்டும் துளை சுற்றிலும் இருக்கலாம். இது பைப்பைச் சுற்றி ஒரு முழ தூரத்துச் சூட்டைத்தான் எடுக்கும், ஆகவே 13 சதவீதத்துக்குக் காய்ந்த நெல்லுக்கே பொருந்தும். பொழுதுபட வாயை மூடுங்கள்.

மூடையில் வைப்பவர்களுக்குப் பைப்பைவிட அடுக்கும் முறை முக்கியம். பனங்குற்றி போட்டு அதன்மேல் பலகை, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஐந்து ஆறு மூடைக்கு மேல் உயராமல். நடுவில் ஒரு நிமிர்ந்த பைப் விட்டு அடுக்கினால் நடுமூடைகளின் சூட்டைப் பார்க்க அது உதவும். காற்றுப் புகாத பைகளில் அடைத்து வைக்கும் முறை வேறு. அதற்குள் பைப்புக்கு வேலையே இல்லை, இரண்டையும் கலக்காதீர்கள்.

வண்டும் குளிசையும்

வெளிநாடுகளில் குளிர்காலக் காற்றை ஊதியே வண்டைப் பெருகாமல் நிறுத்துகிறார்கள். நெல்லை 15, 18 பாகைக்கு இறக்கினால் வண்டு இனம்பெருக்காது. வன்னியில் மார்கழி இரவும் 21 பாகைக்குக் கீழே அதிகம் போகாது. ஆகவே காற்று இங்கே வண்டைக் கொல்லாது, பெருக்கத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான். பழைய நெல்லோடு புது நெல்லைக் கலக்காமல் இருப்பதும், அறையைக் கூட்டி வெள்ளை அடித்துவிட்டுக் கொட்டுவதும் இன்னும் கூடப் பலன் தரும்.

அந்துப்பூச்சி பறக்கக் கண்டு குளிசை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, மன்றாடிச் சொல்கிறேன். அலுமினியம் பொஸ்பைட்டுக் குளிசை விடும் பொஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். எங்கள் வீடுகளில் நெல்லறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே ஒரு கதவுதான் இருக்கிறது, சில வீட்டில் அதுவும் இல்லை, கூரையடி திறந்தே கிடக்கும். ஆட்கள் படுக்கும் வீட்டுக்குள் அந்தக் குளிசையை வைக்கவே கூடாது. வீட்டுக்குப் புறம்பான களஞ்சியம் என்றால் பயிற்சி உள்ளவர் வந்து செய்யட்டும். அப்போது பைப் வாய்கள் இறுக மூடியிருக்க வேண்டும். திறக்கும்போது புளோவரை வெளியில் நின்றே போட்டு, காற்று முழுக்க மாறிய பிறகுதான் ஆள் உள்ளே போகலாம்.

நெல்லை எடுக்கும்போது

மேலிருந்து சமமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் பைப் வெளியே தெரிந்துவிட்டால் காற்று முழுவதும் அந்த வழியால் போகும், மிச்ச நெல்லுக்குக் கிடைக்காது. அதன்மேல் பொலித்தீன் போட்டு மூடிவிட்டு ஊதலாம். நெல் ஒன்றரை அடிக்கு இறங்கியதும் ஊதுவதை நிறுத்தி, மிச்சத்தை மூடையில் கட்டுவது நல்லது.

அறை காலியானதும் வலையைக் கழற்றி எறியுங்கள், அடுத்த போகத்துக்குப் புது வலை. பைப்பின் மூடியைக் கழற்றி நிமிர்த்தித் தட்டினால் உள்ளே சேர்ந்த தூசும் உமியும் வண்டும் கொட்டும். அதை அள்ளி எரித்துவிடுங்கள், கோழிக்குப் போட்டால் மிஞ்சும் வண்டு திரும்ப அறைக்கே வரும். துளைகளைப் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, கூரைச் சலாகையில் கட்டித் தூக்கி வையுங்கள். புளோவரின் விசிறித் தட்டிலும் தூசி படிந்திருக்கும், துடைத்துவிட்டு வாயை ஒரு துணியால் கட்டுங்கள், குளவி கூடு வைக்கும்.